மனித வியாபாரமும் முன்பணமும்

(செங்கல் சூளை, அரிசி ஆலை, விசைத்தறிப் பகுதிகளில் வேலை செய்யும் சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மனிதர்களை விற்பதும் வாங்குவதும், அதைத் தடுக்கும் வழிகளும் என்ற விஷயத்தைப் பற்றி இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனக்கண் முன் என்ன காட்சி தோன்றுகிறது? மயக்க மருந்து கொடுத்துக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் கும்பல்; நள்ளிரவில் பெண்ணைக் காரில் ஏற்றும் ரௌடி. சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. அத்தகைய கொடுமைகள் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கின்றன. ஆனால் நமது ஜில்லாக்களில் ஒரு குடும்பம் கைமாறும்போது பெரும்பாலும் கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை. பட்டப்பகலில், வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்க நடக்கிறது. மேஸ்திரி ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறவன், "கஷ்ட காலத்தில் கை கொடுத்தார்" என்று அவரை வாழ்த்தவும் செய்கிறான். மகளுக்குக் கல்யாணம், மனைவிக்கு ஆஸ்பத்திரிச் செலவு, தகப்பனுக்குக் கருமாதி, ஏதோ ஒன்று. மறுவாரம் லாரி வருகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் அதில் ஏறுகின்றன.

அந்தக் குடும்பத்தைக் கட்டிய கயிறு அந்த முன்பணம்தான். அதை அறுக்காமல் ஆளை மட்டும் அழைத்து வந்தால், ஆறு மாதத்தில் அதே ஆள் அதே லாரியில் ஏறுவான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

கங்காணி எழுதிய கணக்கு

இது நேற்று முளைத்த வழக்கமல்ல. 1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. மறு ஆண்டே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறத் தொடங்கினார்கள். அடிமை போனான், கூலி வந்தான். கரும்பு வெட்டுவது நிற்கவில்லை!

இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் ஜனங்களைக் கொண்டு போனது பெரும்பாலும் கங்காணி முறை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்து, அடுப்பு எரியாத வேளை பார்த்துக் கங்காணி ஊருக்குள் வருவார். அவர் அந்நியர் அல்ல. அதே ஊர்க்காரர், பல சமயம் அதே சாதி, உறவுக்காரர். பயணச் செலவுக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் பணம் கொடுப்பார். கொடுத்ததை எல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். எழுதுகிறவர் அவர், எழுதப்படுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் போய்விடக் கூடாது, கடனும் தீர்ந்துவிடக் கூடாது.

அங்கே "துண்டு" என்று ஒரு காகிதம் இருந்தது. இதைத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தக் கங்காணியின் கூட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை அந்தத் தொகையைக் கட்டி முழுக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார். பழைய கடன் தீரவில்லை. புதிய துரையின் பேருக்கு மாறியது, அவ்வளவே. இதற்குச் சந்தை என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பது? ஆளை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று துரைமார்கள் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கடன் கால் முளைத்து மலை ஏறியதே, அது யாருடைய கால்?

துண்டு முறை இலங்கையில் 1921-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நமது செங்கல் சூளைகளில் இன்றும் ஒரு முதலாளியிடம் பாக்கி உள்ள குடும்பத்தை இன்னொரு முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி அழைத்துப் போகிறார். நூறு ஆண்டுக்கு முன் அதற்குச் சீட்டு இருந்தது. இப்போது செல்பேசியில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

சூளைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

"கடன் வாங்கினான், உழைத்துக் கழிக்கிறான். இதில் என்ன அடிமைத்தனம்?" என்று கேட்கிற படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக் கணக்கு வேண்டும். உதாரணத்துக்காக ஒரு கணக்கு சொல்கிறேன். எண்களை நீங்கள் உங்கள் பகுதிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு குடும்பம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறது. மழை ஓய்ந்த பிறகு சூளைக்கு வருகிறது. சீசன் 24 வாரம் என்று வைத்துக்கொள்வோம். கணவன் மண் குழைக்கிறான், மனைவி கல் அறுக்கிறாள், பன்னிரண்டு வயதுப் பையன் பச்சைக்கல்லைத் திருப்பி அடுக்குகிறான். மூவருமாக நாளைக்கு 1,000 கல். ஆயிரத்துக்கு 600 ரூபாய் கூலி. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் 3,600 ரூபாய். இதில் 1,500 ரூபாயை வாரச் செலவுக்குக் கையில் கொடுக்கிறார்கள். மிச்சம் 2,100 முன்பணத்தில் கழிகிறது. இடையில் மூன்று வாரம் மழை. கல் இல்லை, கூலியும் இல்லை. ஆனால் வயிறு இருக்கிறதே! அந்த மூன்று வாரச் செலவு 4,500 கடனில் ஏறுகிறது. வேலை நடந்த 21 வாரத்தில் கழிந்தது 44,100. சீசன் முடிவில் கடன் தீர்ந்ததா? 20,400 ரூபாய் மீதி நிற்கிறது. உடைந்த கல்லுக்கும் காய்ச்சல் மருந்துக்கும் பிடித்தது இதில் சேராது. அடுத்த ஆண்டும் அதே சூளை.

இப்போது அதே கணக்கைச் சட்டப்படி போடுவோம். பையன் பள்ளிக்கூடம் போகிறான். பெரியவர்கள் இருவர் மட்டும் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 450 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5,400. செலவு 1,500 போனால் மிச்சம் 3,900. அதே 21 வாரத்தில் 81,900 ரூபாய். முன்பணம் 60,000-மும் மழைக்காலச் செலவு 4,500-ம் தீர்ந்து, கையில் 17,400 ரூபாயோடு அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்.

இரண்டு கணக்கிலும் கடன் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். வித்தியாசம் கூலியில் இருக்கிறது. முதலாளி கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலிதான் தொழிலாளியின் தலையில் கடனாகத் திரும்பி வந்து நிற்கிறது. "நீ எனக்குப் பாக்கி" என்று சூளைக்காரர் சொல்லும்போது, உண்மையில் பாக்கிக்காரர் யார் என்பதை நம் ஊழியர்கள் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து அந்தக் குடும்பத்துக்கே காட்ட வேண்டும். நூறு பிரசங்கத்தைவிட இந்த ஒரு கணக்கு நன்றாக வேலை செய்யும்.

இந்தக் கணக்கு சூளையோடு நிற்கவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் இதற்குப் "பாக்கி" என்றே பெயர். அதே பள்ளிபாளையத்தில் தறித் தொழிலாளர்களின் வறுமையைப் பயன்படுத்தித் தரகர்கள் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கிய செய்தி 2025 ஜூலையில் வெளிவந்தது. கடனுக்கு உழைப்பைக் கொடுத்துத் தீராமல், உடம்பிலிருந்தே ஒரு பங்கை அறுத்துக் கொடுக்கிறார்கள். விபசார விடுதிக்கு விற்கப்பட்ட பெண்ணிடமும், "உன்னை வாங்கிய விலையைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் போ" என்றுதான் சொல்கிறார்கள். பஞ்சாலைகளில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். சுமங்கலித் திட்டம் என்ற மங்கலமான பெயரில் இளம் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். கூலியின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்கள். இடையில் ஓடினால் அந்தத் தொகை போச்சு.

படித்த வாலிபர்களும் தப்பவில்லை. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு வாலிபர்களை மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்திச் சென்று, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். விடச் சொன்னால், உனக்காகக் கொடுத்த பணத்தை வைத்துவிட்டுப் போ என்றார்கள். கங்காணியின் துண்டேதான் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து, மனித வியாபாரத்தையும் வெட்டி வேலையையும் அதுபோன்ற மற்ற கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. இவை ஒரே மரத்தின் கிளைகள் என்பது 1950-லேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். பிறகு சர்க்கார் என்ன செய்தது? கிளைகளைத் தனித்தனியாக வெட்டித் தனித்தனி இலாகாவில் போட்டது. 1956-இல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டம் பெண் வியாபாரத்தை மட்டும் பார்த்தது. அதிலும் வாங்கியவனும் விற்றவனும் தப்ப, தெருவில் நின்ற பெண் பிடிபட்ட வழக்குகள் ஏராளம். பண்ணையாளும் சூளைத் தொழிலாளியும் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

பண்ணையாட்களின் நிலை மாறத் தொடங்கியது சட்டத்தால் அல்ல. கீழத் தஞ்சையில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியது 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து கட்டிய சங்கம். அந்தப் போராட்டத்துக்குப் பின்னால்தான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. 1975 அக்டோபர் 25 முதல் அமுல் என்று வைத்தார்கள். இது நல்ல சட்டம். நான் எதையும் எளிதில் புகழ்வதில்லை, ஆனால் இதன் 6-வது பிரிவை ஒவ்வொரு ஊழியரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்து என்கிறது அது. 9-வது பிரிவு, ரத்தான கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம் என்கிறது. 15-வது பிரிவு இன்னும் முக்கியம்: இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. தொழிலாளி அத்தாட்சி தேடி அலைய வேண்டியதில்லை.

சுப்ரீம் கோர்ட்டும் இரண்டு மூன்று தீர்ப்புகளில் தெளிவாகப் பேசியிருக்கிறது. டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது. பசியின் நெருக்கடியும் பலாத்காரம்தான் என்றது. பரீதாபாத் கல் குவாரி வழக்கில், 1983-இல், ஒருவனிடம் கட்டாய வேலை வாங்குவது தெரிந்தால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லியது. சங்கிலியும் பூட்டும் எங்கே என்று கேட்கிற உத்தியோகஸ்தருக்கு இந்த இரண்டு தீர்ப்பும் போதும்.

ஆனால் எழுத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட் 1995-இல் நியமித்த குழு, தமிழ்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. 2016-இல் மத்திய சர்க்காரே 2030-க்குள் நாடு முழுவதும் 1 கோடியே 84 லட்சம் பேரை விடுவிப்போம் என்று இலக்கு வைத்தது. சட்டம் வந்ததிலிருந்து 2021 வரை விடுவித்ததாகக் காட்டும் கணக்கு 3 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. இந்த வேகத்தில் 2030 எந்த நூற்றாண்டில் வரும் என்று தெரியவில்லை!

கடத்தல் குற்றத்துக்கான பிரிவிலும் ஒரு கதை உண்டு. 2013 பிப்ரவரியில் அவசரச் சட்டமாகத் தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவைத் திருத்தியபோது, சுரண்டல் என்பதற்கான விளக்கத்தில் "கட்டாய உழைப்பு" என்ற சொல் இருந்தது. சில வாரங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தச் சொல்லைக் காணோம். 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள புதிய சட்டத்தின் 143-வது பிரிவிலும் அது திரும்பி வரவில்லை. அடிமைத்தனம், ஊழியம், உடல் ரீதியான சுரண்டல் என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து வாதாடலாம், வாதாட வேண்டும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்துத்தான் வந்தார் என்பது குற்றத்துக்குப் பதிலாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த ஒரு சொல் யாருக்கு உறுத்தியது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மீட்ட பிறகு

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். வயதான ஒருவர் மீட்க வந்த தாசில்தாரின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. அவர் பட்ட கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்தி சொல்லிற்று. படத்தைப் பார்த்து நாடே இரங்கியது. எனக்கு இரக்கத்தோடு கோபமும் வந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பெரியவர் வேலை செய்த இடம் காட்டுக்குள் அல்ல, தாலுகா ஆபீஸ் உள்ள சீமையில்தான்.

மீட்டதும் முதல் வேலை விடுதலைச் சான்றிதழ். இது இல்லாமல் உதவித் தொகை கிடையாது. ஊருக்கு அனுப்பினால் மேஸ்திரி பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார். பல இடங்களில் நடப்பது என்ன? கோட்டாட்சியர் விசாரணை செய்வதற்குள் முதலாளி தரப்பில் சமரசம் பேசுகிறார்கள். "வழக்கு எதற்கு, வண்டிச் செலவு தருகிறோம்" என்கிறார்கள். கூலித் தகராறு என்று எழுதி ஒடிசாவுக்கு ரயிலேற்றி விடுகிறார்கள். பலாங்கீர் ஜில்லாவிலிருந்தும் நுவாபடாவிலிருந்தும் திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வந்தவர்களில் இப்படிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பியவர்கள் உண்டு. அடுத்த சீசனில் வேறு மாநிலத்துச் சூளையில் அவர்களைப் பார்க்கலாம். விடுவித்துவிட்டு மறுவாழ்வு தராவிட்டால் மறுபடி அடிமைத்தனத்தில்தான் விழுவார்கள் என்று சுப்ரீம் கோர்ட் 1984-லேயே எச்சரித்தது.

மத்திய சர்க்காரின் 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகையையும் முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டார்கள். அதுவரை உடனடி உதவி மட்டும். முதலில் 20,000, பிறகு 30,000 வரை. கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். போலீஸார் வழக்கைச் சரியாக நடத்தாததற்கு மீட்கப்பட்ட கூலி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இந்த முடிச்சை நீக்க வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் முதல் வரியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-இல் வந்தது. ஒடிசாவில் "தாதன்" என்று பெயர் பெற்ற ஆள் பிடிக்கும் முறையின் கொடுமை அதற்கு ஒரு காரணம். ஐந்து பேர் இருந்தாலே அந்தச் சட்டம் செல்லும். இடப்பெயர்ச்சிப் படியும் அதில் உண்டு. அது சரிவர அமுலாகவில்லை என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமுல்படுத்தியதில் அந்தச் சட்டமே போய்விட்டது. இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் அந்த அத்தியாயம் செல்லும். இடப்பெயர்ச்சிப் படியும் இல்லை. இரண்டு மூன்று குடும்பங்களை வைத்து மரம் வெட்டும் மேஸ்திரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மனுவில் என்ன எழுதுவது?

கடைசியாக வேலை விஷயம். ஒரு சூளையிலோ ஆலையிலோ குடும்பம் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால், உணர்ச்சிவசப்பட்டுப் பத்துப் பேர் கூடிப்போய் முதலாளியிடம் சண்டை போடாதீர்கள். அன்றிரவே லாரி வந்து அவர்களை வேறிடம் கொண்டுபோய்விடும். முதலில் செய்தியைச் சேகரியுங்கள். முன்பணம் எவ்வளவு, யார் கையால், எந்த மாதத்தில் கொடுத்தது; ஆயிரம் கல்லுக்கு அல்லது மூட்டைக்கு என்ன கூலி; வாரச் செலவு எவ்வளவு; ஊருக்குப் போகக் கேட்டபோது என்ன பதில் வந்தது, குடும்பத்தில் ஒருவரைப் பிணையாக நிறுத்தினார்களா; ஆதார் அட்டை, ரேஷன் அட்டை யார் வசம் இருக்கிறது; பிள்ளைகளின் வயது என்ன. இவற்றை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். வெளிமாநிலத்தார் என்றால் அவர்கள் பாஷை தெரிந்தவரை வைத்து எழுதுங்கள். முதலாளியின் மேஸ்திரியை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

மனுவைக் கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையும் புதிய தண்டனைச் சட்டத்தின் 143-வது பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள். குறைந்தபட்சக் கூலிப் பாக்கியைத் தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள்; கடன் ரத்தானதோடு அது தீர்ந்துவிடாது. விசாரணையின்போது தொழிலாளியை முதலாளியின் ஆட்கள் இல்லாத இடத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் ஒவ்வொருவர் பேருக்கும் தனித்தனியாக வேண்டும், குடும்பத் தலைவர் பேருக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கல் அறுத்த பெண்ணுக்கும் அதில் பேர் உண்டு, தொகையும் உண்டு. அவர்கள் ரயிலேறுவதற்கு முன் சான்றிதழின் நகலும் வழக்கு எண்ணும் நம் சங்க ஆபீஸில் இருக்க வேண்டும். ஒடிசாவில் அவர்களுடைய ஊருக்குப் பக்கத்தில் உள்ள விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் தபாலில் போக வேண்டும். சாட்சி சொல்ல அவர்களை மறுபடி இங்கே அழைத்துவரும் பயணச் செலவை யார் தருவது என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.